துலுக்க சாமந்தியில் சாயம் போட்டால் பாசி நிறம் வருவது ஏன்?

மே 11

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவர் சொன்னபடியே போடுகிறேன்.

"அக்கா, ரெண்டு மீட்டர் காடாத் துணி வாங்கி, கடுக்காய்த் தண்ணியில ஊறவச்சு, படிகாரம் போட்டு, அப்புறம் துலுக்க சாமந்தியில கொதிக்கவச்சேன். வீடியோவுல எல்லாருக்கும் தங்கம் மாதிரி மஞ்சள் வருது. எனக்கு வாடின கறிவேப்பிலை நிறம்தான் வந்துச்சு. ரெண்டு தடவை பண்ணிப் பார்த்துட்டேன். பூ பழசா, துணி சரியில்லையா?"

பூ பழசானால் நிறம் வெளுக்கும், பாசி ஆகாது. துணி மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கிருந்தோ இரும்பு உள்ளே வந்திருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. அந்தக் காலத்தில் எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். மஞ்சளுக்குள் அந்தக் கருப்பு ஒரு துளி கலந்தால் பாசி நிறம்தான் வரும். இரும்புக் கடாயில் கொதிக்க வைத்தீர்களா? துருப்பிடித்த வாளி, இரும்புக் கரண்டி ஏதாவது? எவர்சில்வர் குண்டானுக்கு மாறிப் பாருங்கள்.

அளவும் கேட்டிருந்தீர்கள். சாயம் துணியில் பிடித்து நிற்க, நான் 200 கிராம் காடாவுக்கு 40 கிராம் கடுக்காய்த் தூள், 30 கிராம் படிகாரம் போடுவேன். பூ காய்ந்ததாக இருந்தால் துணியின் எடைக்குச் சமமாக, பச்சையாக இருந்தால் இரண்டு மூன்று மடங்கு. பூவின் அடியில் இருக்கும் பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் போட்டால் மஞ்சள் தெளிவாக வரும். கொதித்துப் பொங்க வேண்டாம், ஆவி பறக்கிற சூட்டில் முக்கால் மணி நேரம் போதும்.

கடுக்காயை முழுதாக வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு இடியுங்கள். இஞ்சிக்குப் புறணி நஞ்சு, கடுக்காய்க்கு அகணி நஞ்சு என்று மருந்துக்குச் சொல்வார்கள். சாயத்துக்கும் துவர்ப்பு எல்லாம் தோலிலும் சதையிலும்தான், கொட்டையில் இல்லை.

மே 13

எவர்சில்வர்தானாம். கரண்டி மரக்கரண்டி. ஆக என் முதல் பதில் தவறு.

சரி, காடாவை முதலில் வெளுக்க வேகவைத்தாரா என்று கேட்டேன், இல்லை என்கிறார். அதை விடக்கூடாது. காடா என்பது தறியிலிருந்து வந்தபடியே இருக்கிற துணி. பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும், பருத்தியின் மெழுகும் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே போகாமல் முத்து மாதிரி நிற்கும். சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் வேகவையுங்கள், தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள், விட்டவுடன் உறிஞ்ச வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

ஆனால் திட்டு வேறு, பாசி வேறு. பாசிக்குக் காரணம் இது இல்லை.

மே 14

ராத்திரி தூக்கம் வராமல் இதையே யோசித்தேன். எனக்கும் காட்பாடி வீட்டில் போன வருடம் கொஞ்சம் மங்கலாகத்தான் வந்தது. பூவில் பச்சைக் காம்பு இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா பேரணாம்பட்டில் தோல் பதனிடும் இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். முதலில் ஆவாரம்பட்டை, அப்புறம் வாட்டில் பட்டை வந்துவிட்டது. கடைசியில் தோலின் நிறத்தை வெளுப்பாக்க ஜவ்வாது மலைக் கடுக்காய். பட்டைத் தண்ணீர்க் குழிக்குப் பக்கத்தில் இரும்புச் சாமான் எதையும் கொண்டுபோக விடமாட்டார்களாம். ஈரத்தோல் மேல் ஒரு ஆணி விழுந்து ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் அந்த இடத்தில் நீலக் கருப்பாக வட்டம் இருக்கும், அது போகவே போகாது, அந்தத் தோலுக்கு விலை பாதி. நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா கையைக் காட்டுவார். நகக்கண் முழுக்கப் பழுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து இரும்பு வாளித் தண்ணீரில் கை கழுவினால் அந்தப் பழுப்பு கருத்துப்போகும். அம்மா அவருக்கென்று பித்தளைச் சொம்பில் தனியாகத் தண்ணீர் எடுத்து வைப்பார்.

தோலும் துணியும் வேறு வேறாக இருக்கலாம். துவர்ப்பு ஒன்றுதான். அப்பா குழிக்குள் இருந்த அதே கடுக்காய்தான் என் குண்டானுக்குள்ளும் இருக்கிறது. பாத்திரத்தில் இரும்பு இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. தண்ணீர்.

மே 14, மாலை

செய்து பார்த்துவிட்டேன், இதை எல்லோரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்பூன் கடுக்காய்த் தூளை வெந்நீரில் போட்டு வடிகட்டினேன். இளம் பொன்னிறத்தில் தெளிவாக இருந்தது. மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், ஒன்றில் எங்கள் போர் தண்ணீர். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் கடுக்காய்த் தண்ணீர் விட்டேன். கேன் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. காவிரித் தண்ணீர் கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். போர் தண்ணீரில் விட்டவுடன் ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் ஓரத்திலிருந்து புகை மாதிரி ஒரு ஊதா இறங்கியது. அரை மணி நேரத்தில் சிலேட்டுக் கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, இதையா நாம குளிக்கிறோம்?" என்றாள்.

குடியாத்தம் தங்கைக்கும் சொல்லிவிட்டேன். பூவும் துணியும் நல்லதுதான், உங்கள் போரைப் பாருங்கள் என்று.

மே 16

ஆரணியில் பட்டு நெசவு செய்கிற ஐயா ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொன்னது: "தண்ணி மேல பழி போடுறதுக்கு முன்னாடி பைப்பைப் பாரும்மா. காலையில முதல் குடமும் பத்து நிமிஷம் ஓடினதுக்கு அப்புறம் வர குடமும் ஒண்ணா இருக்காது."

இன்று காலை அப்படியே செய்தேன். மோட்டார் போட்டவுடன் பிடித்த தண்ணீரில் கடுக்காய் விட்டால் கன்னங்கரேலென்று வந்தது. கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடித்ததில் இளம் சாம்பல்தான். ஆக பாதிக்கு மேல் எங்கள் பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப்பின் துரு. மீதி நிலத்தடியிலிருந்து வருவது. மே 14ஆம் தேதி எல்லாவற்றையும் போர் தலையில் போட்டது அவசரம். ஐயாவுக்கு நன்றி.

மே 26

தங்கையின் மூன்றாவது முயற்சி. கடுக்காய்க்கும் படிகாரத்துக்கும் பூவுக்கும் கேன் தண்ணீர் வாங்கியிருக்கிறார். அப்படியும் பாதி பாசி! எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொன்னேன். கடுக்காயில் ஊறிய துணியை எடுத்து, "சுத்தமா இருக்கட்டும்னு" போர் தண்ணீரில் இரண்டு தரம் அலசினாராம்.

அங்கேதான் போயிற்று. கடுக்காய்த் துணியை அலசவே கூடாது. பிழிந்து, நிழலில் காயப்போட்டு, காய்ந்த பிறகு அப்படியே படிகாரத் தண்ணீருக்குப் போக வேண்டும். துவர்ப்பு ஏறிய துணி இரும்புக்கு ஏங்கிக் காத்திருக்கும், எங்கே கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். இதை நான் மே 11 அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒரு ரெண்டு மீட்டர் துணியும் ரெண்டு கேன் தண்ணீரும் என்னால் வீண்.

ஜூன் 2

படிகாரம் பற்றி ஒரு கேள்வி வந்தது. போர் தண்ணீரில் படிகாரம் போட்டால் தண்ணீர் பால் மாதிரி கலங்குகிறதே என்று.

வெள்ளம் வந்து கிணறு கலங்கினால் பாட்டி ஒரு படிகாரக் கட்டியைக் குடத்துக்குள் நாலு சுற்றுச் சுற்றுவார். கொஞ்ச நேரத்தில் பஞ்சு மாதிரி ஒன்று உருவாகி, சேற்றை இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்காரும். அதேதான் இங்கும் நடக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் காரம் படிகாரத்தின் அலுமினியத்தைப் பஞ்சாக்கிக் கீழே இறக்கிவிடுகிறது. துணிக்குள் போக வேண்டியது குண்டான் அடியில் கிடக்கிறது. பிறகு 30 கிராம் போட்டேன், நிறம் நிற்கவில்லை என்றால் எப்படி நிற்கும்? படிகாரத்துக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுங்கள்.

ஜூன் 30

வெங்காயச் சருகு. ஆம்பூரில் பிரியாணிக் கடைகளில் தினமும் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கிறார்கள். என் நாத்தனார் ஒரு கடையில் கேட்டு ஒரு கோணி நிறையச் சருகு வாங்கி வந்தார், காசு வாங்கவில்லை. துணியின் எடைக்கு முக்கால் பங்கு சருகு போட்டேன். வெண்கலம் துலக்கி வைத்த மாதிரி ஒரு நிறம். பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் கலந்தால் கொஞ்சம் செம்மை கூடுகிறது.

மாதுளைத் தோல், கேட்காமலே சொல்கிறேன், எங்கும் கிடைக்கும், நிறமும் நிற்கும். அதிலேயே துவர்ப்பு உண்டு, கடுக்காய் கம்மியாகப் போட்டாலும் போதும். இரும்புக்கும் அதே அளவு பயப்படும்.

ஜூலை 21

பீட்ரூட்டில் அழகான ரோஸ் நிறம் வந்தது என்று படம் போட்டிருக்கிறார் ஒருவர். வரும். இரண்டு சலவைக்கு மேல் இருக்காது. படிகாரம், உப்பு, வினிகர் எது போட்டாலும் அது துணியோடு சேராது, கறை போல ஒட்டிக்கொண்டு கழுவினால் போய்விடும். செம்பருத்தியும் அப்படித்தான். இதை யாரும் சொல்லாமல் வீடியோ போடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம். ஒரு பெண் காசு போட்டு, அரை நாள் அடுப்படியில் வெந்து, கடைசியில் "இயற்கைச் சாயம்னாலே நிக்காது" என்று முடிவுக்கு வந்துவிடுகிறாள்.

மஞ்சள் கிழங்கு இன்னொரு விதம். கடுக்காயும் வேண்டாம் படிகாரமும் வேண்டாம், அப்படியே பிடிக்கும். ஆனால் வெயில் ஆகாது. ஜூன் மாதம் மொட்டை மாடியில் ஒரு அட்டையில் நாலு துண்டுத் துணி ஒட்டி, பாதியை இன்னொரு அட்டையால் மூடி வைத்தேன். மஞ்சள், வெங்காயச் சருகு, துலுக்க சாமந்தி, அப்புறம் அந்தப் பாசி நிறத் துண்டு. வேலூர் வெயில் பற்றிச் சொல்ல வேண்டுமா? நாலாம் நாளே மஞ்சள் துண்டின் திறந்த பாதி வெளுத்துவிட்டது. சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும், பயப்பட வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கிறதே, அதே வேலை. எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் நனைத்தால் திரும்பி வரும்.

நாலு துண்டும் அட்டையிலேயே இருக்கட்டும், பொங்கல் வரைக்கும் எடுக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 9

முன்பு நான் எழுதியதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உப்புத் தண்ணீர் சாயத்துக்கு ஆகாது என்கிற மாதிரி எழுதிவிட்டேன். மஞ்சிட்டி போட்டுப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

லாங் பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர் வாங்கினேன். ஒரே துணி, ஒரே கடுக்காய், ஒரே படிகாரம். ஒரு துண்டைக் கேன் தண்ணீரில் போட்டேன். இன்னொன்றுக்கு, போர் தண்ணீரை வாய் அகன்ற டிரம்மில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைத்தேன். காற்றுப் பட்டால் இரும்பு துருவாகி அடியில் இறங்கிவிடும், மேலே இருப்பதை மட்டும் மல் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். கடுக்காய் டம்ளர் சோதனை செய்தேன், கருக்கவில்லை. கேன் தண்ணீர்த் துண்டு செங்கல் பொடி நிறத்தில் சாதுவாக வந்தது. போர் தண்ணீர்த் துண்டோ நல்ல சிவப்பு. கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே ஓடினேன் வெளிச்சத்தில் பார்க்க.

காரணம் சுண்ணாம்புச் சத்து. வேரில் இருக்கும் சிவப்புக்குப் படிகாரத்தோடு சுண்ணாம்பும் சேர்ந்தால்தான் முழு நிறம் எழும். ஆக இரும்பு எதிரி, சுண்ணாம்பு எதிரி இல்லை. மஞ்சளுக்கு வேண்டாததே சிவப்புக்கு வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதியதிலிருந்து மனசு சாயவேர் பக்கம் போய்விட்டது. சித்த மருந்தில் இம்பூறல் என்பார்களே, அதே செடி. சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்பு அந்த மெல்லிய வேரிலிருந்து வந்தது. மஞ்சிட்டிக்குச் சொந்தக்காரச் செடிதான். 1869 வாக்கில் அந்தச் சிவப்பை ஐரோப்பாவில் ஆலையில் செய்ய ஆரம்பித்தார்கள், வேர் தோண்டுகிறவர்களுக்கு வேலை போயிற்று. 1897இல் ஆலை நீலம் சந்தைக்கு வந்தது, அவுரிக்கும் அதே கதி.

காளஹஸ்தியில் கலம்காரி இன்னும் நடக்கிறது. அது 1911 வரைக்கும் நம் வட ஆற்காடு மாவட்டம்தான், அந்த வருடம்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அங்கே துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து ஊறவைத்துக் காயப்போடுவார்கள், கோடு போடும்போது மை பரவாமல் நிற்க. கருப்பு மைக்கு இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். மூங்கில் எழுதுகோலில் தொட்டுத் துணியில் வைத்தவுடன் பழுப்பாகத்தான் இருக்கும், கண் முன்னாலேயே கருக்கும்.

யோசித்துப் பாருங்கள். நாம் மே மாதத்திலிருந்து விரட்டிக்கொண்டிருக்கும் அதே இரும்பு. அவர்கள் அதைப் பழக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12

இதைப் படித்துவிட்டு அன்னபேதி (இரும்பு உப்பு) எவ்வளவு போடலாம் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 200 கிராம் துணிக்கு 4 கிராமுக்கு மேல் வேண்டாம். இரும்பு அதிகமானால் பருத்தி நாளாக நாளாக இற்றுப்போகும், மடிப்பில் கிழியும். தனிக் குண்டான், தனிக் கரண்டி வையுங்கள். அதே பாத்திரத்தில் அடுத்த நாள் மஞ்சள் போட்டுவிட்டு மறுபடி என்னிடம் பாசி நிறம் என்று வராதீர்கள்.

அக்டோபர் 16

ஆயுத பூஜை முடிந்தது. தெருவில் ஆட்டோ, பைக், தையல் கடை, மெக்கானிக் கடை எல்லாவற்றிலும் மாலை வாடித் தொங்குகிறது. நேதாஜி மார்க்கெட் வாசலில் மிஞ்சின பூ குவியலாகக் கிடக்கிறது. நானும் மகளும் நாலு பை நிறையக் கொண்டு வந்தோம். குங்குமம், சந்தனம் பட்ட பூவைத் தனியாக எடுத்துவிடுங்கள். கலந்து விற்கிறார்கள், சாமந்தியையும் துலுக்க சாமந்தியையும் பிரித்துக்கொள்ளுங்கள். நிறம் தருவது துலுக்க சாமந்திதான். இதழை உதிர்த்து நிழலில் காயவைத்தால் வருடம் முழுக்க வரும். மழை வருகிற மாதிரி இருக்கிறது, இப்போதைக்கு ஹாலில் பாய் போட்டுப் பரப்பியிருக்கிறேன். வீடே கோயில் மாதிரி மணக்கிறது.

அக்டோபர் 24

மழைத் தண்ணீர்! முதல் அரை மணி நேர மழையை ஓடவிட்டேன், மாடித் தூசி போகட்டும் என்று. அப்புறம் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்தேன். கடுக்காயிலிருந்து கடைசி அலசல் வரைக்கும் மழைத் தண்ணீர்தான்.

குடியாத்தம் தங்கை மே மாதம் எனக்கு அனுப்பிய பாசித் துண்டுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தேன். இது துலுக்க சாமந்தி இதழின் நிறமேதான், ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு தட்டுகிறது. ஒரே காடா, ஒரே பூ. தண்ணீர் மட்டும் வேறு.

தங்கைக்கு இரண்டு கேனில் மழைத் தண்ணீர் பிடித்து, அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் தெரிந்தவர் மூலம் கொடுத்து அனுப்பினேன். கண்டக்டர் என்னம்மா இது என்று கேட்டாராம். மழை என்று சொல்லியிருக்கிறார் அவர்.

நவம்பர் 20

மிச்சத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று ஒருவர் கேட்டார். இயற்கைதானே, எங்கே கொட்டினால் என்ன என்று இன்னொருவர் பதில் போட்டிருந்தார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. நாம் பாலாற்றங்கரையில் இருக்கிறவர்கள். தோல் கழிவால் கெட்ட கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் சேர்ந்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னது. அது நம் ஊர்த் தண்ணீருக்காகக் கிடைத்த தீர்ப்பு.

கடுக்காய், பூ, சருகு வெந்த தண்ணீரை ஆறவைத்து மண்ணில் ஊற்றலாம். படிகாரத் தண்ணீரை ஒரு தரத்தோடு கொட்டாதீர்கள், இன்னும் பாதி படிகாரம் சேர்த்து அடுத்த துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் (செம்பு உப்பு) போட்டால் பச்சை நன்றாக வரும் என்பது உண்மை. நான் வாங்குவதில்லை. அது மீனுக்கும் மண்ணுக்கும் விஷம். பழைய சாயக் குறிப்புகளில் குரோம் உப்பும் வரும். அதைத் தொடவே தொடாதீர்கள், அதுவும் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு.

ஜனவரி 17

மாடி அட்டையை எடுத்தேன். மஞ்சள் துண்டின் திறந்த பாதி வெறும் வெள்ளை, மஞ்சள் இருந்த சுவடே இல்லை. துலுக்க சாமந்தி கொஞ்சம் மங்கியிருக்கிறது. வெங்காயச் சருகு பழுப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உடுத்த நன்றாகவே இருக்கும். பாசித் துண்டில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஏழு மாத வெயில், இரண்டு மழைக்காலம். அந்த இரும்புதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

தங்கைக்குப் படம் அனுப்பினேன். மே மாதத்து இரண்டு மீட்டரை அவர் தூக்கிப் போடவில்லையாம், பீரோவில் மடித்து வைத்திருக்கிறார். பொங்கலுக்கு மகளுக்கு மழைத் தண்ணீர் மஞ்சளில் பாவாடை தைத்து, அந்தப் பாசித் துணியில் நாலு விரல் அகலத்துக்குக் கரை வைத்திருக்கிறார்.

என் டிரம்மில் இன்னும் இரண்டு வாளி மழைத் தண்ணீர் இருக்கிறது. பொங்கலுக்கு வாங்கிய ஆவாரம்பூ மிச்சம் இருக்கிறது. நாளைக்கு அதைப் போடப்போகிறேன்.